ஜி-11 மேல் ஒரு புகார்

"எங்க கையில நல்லாத்தான் வேலை செய்யுது" என்று கெராட் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. மெல்பர்னின் பிரன்ஸ்விக்கில், சிட்னி ரோட்டில், எங்களுக்குத் துணிக்கடை. சாயம் போய்விட்டது என்று யாராவது திரைச்சீலையைத் திருப்பிக் கொண்டுவந்தால் அப்பா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எங்க கடையில இருந்தவரைக்கும் போகலயேம்மா" என்பார். அதற்கு மேல் அந்த அம்மாள் என்ன பேச முடியும்? லெபனானிலிருந்து வந்தபோது அவர் கொண்டுவந்த மூலதனமே அந்த ஒரு வாக்கியம்தான். இப்போது அதையே பிரிஸ்பேனில் உட்கார்ந்து ஆய்வுக்கூடங்களுக்குச் சரக்கு விற்கும் ஒருவன் என்மேல் வீசுகிறான்.

"உன் கையில வேலை செஞ்சா எனக்கென்ன, கெராட்? அந்தக் கையையும் பெட்டியில வச்சு அனுப்பு. சேர்த்தே வாங்கிக்கிறேன்" என்றேன்.

"கோவப்படாத, மேட். டெக்னிகல் டீம் நாலு கேள்வி அனுப்பும். பதில் போட்டுடு."

"போன வாரமே போட்டாச்சு."

"அது பழைய டீம்."

மெல்பர்னில் ஒரு புற்றுநோய் ஆய்வுக்கூடத்துக்கு நான் மேலாளர். கையுறையிலிருந்து உலர்பனி வரை, உள்ளே வருகிற எல்லாவற்றையும் பேரம் பேசி வாங்குவது என் வேலை. மற்றதிலெல்லாம் எனக்குக் கை ஓங்கியே இருக்கும். புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் மட்டும் விற்பவன்தான் ராஜா. ஒரு பெரிய அட்டைப்பெட்டி வரும். அதற்குள் தெர்மோகோல், அதற்குள் பனிக்கட்டி, அதற்குள் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குப்பி. குப்பியின் அடியில், அழுதுமுடித்த குழந்தையின் கண்ணோரத்தில் தங்கியிருக்குமே, அவ்வளவு நீர். தொட்டுப் பார்க்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது. லேபிளை நம்பித்தான் வாங்க வேண்டும். துணிக்கடைக்காரன் மகனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இந்தக் குப்பியின் பெயர் ஜி-11. எங்கோ ஒரு ஆய்வுக்கூடத்தில், குழிகள் போட்ட தட்டில், ஜி வரிசையின் பதினொன்றாம் குழியில் உட்கார்ந்திருந்த ஒற்றைச் செல்லின் சந்ததி முழுவதும் ஒரே அச்சில் வார்த்த ஆன்டிபாடியை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. மோனோகுளோனல் என்பார்கள். இதற்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். நம் உடம்பில் ஒரு செல் கெட்டுப்போனால், ஊருக்குத் தொல்லை கொடுக்காமல் தானே முடிவெடுத்துத் தன்னை மாய்த்துக்கொள்ளும். அந்த முடிவை எடுத்த கணத்தில் செல்லுக்குள் ஒரு புரதம் இரண்டாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அந்த விளிம்பை மட்டும் ஜி-11 போய்ப் பிடிக்கும். பிடித்தால் படத்தில் ஒரு கறுப்புப் பட்டை விழும். பட்டை இருந்தால் சாவு. இல்லாவிட்டால் உயிர்.

இந்தக் கறுப்புப் பட்டையில்தான் மெரின் பாஸ்கோவின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மெரினைப் போல வேலை செய்கிறவர்கள் குறைவு, அவளைப் போலக் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள் அதைவிடக் குறைவு. டாஸ்மேனியாக்காரி. அவள் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்திருந்தாள். அதற்கு எண்ணும் எழுத்துமாக நீளமான பெயர் உண்டு. நான் சாவி என்றே சொல்லிவிடுகிறேன். குடல் புற்றுநோய்ச் செல்களுக்கு மருந்து கொடுத்தால் அவை தம்மை மாய்த்துக்கொள்ளும். சாவியை வெட்டியெடுத்துவிட்டு அதே மருந்தைக் கொடுத்தால் சாகாது. ஆகவே சிலருக்கு மருந்து பலிக்காததற்குச் சாவி இல்லாததே காரணம். இதுதான் அவள் கட்டுரை. நல்ல பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தது. டிசம்பரில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. கட்டுரை வந்தால் ஒப்பந்தம் நீளும். வராவிட்டால் ஹோபார்ட்டுக்குப் போய் அம்மா வீட்டு மாடியறையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுத வேண்டியதுதான்.

இடையில் நின்றது இரண்டாம் மதிப்பீட்டாளர். பத்திரிகை அனுப்பும் மதிப்பீட்டாளர்களில் இரண்டாமவர் எப்போதுமே சம்பந்தி வீட்டு மூத்தவரைப் போல இருப்பார். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு, உப்பு யார் போட்டது என்பார். இவர் கேட்டது ஒன்றுதான். மெரின் பழைய படங்களை எடுத்தது முயலின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடியை வைத்து. அந்த முயல் செத்து வருஷக்கணக்காகிறது. "இன்று யாரும் அதை நம்புவதில்லை. ஜி-11 கொண்டு மீண்டும் செய்து காட்டவும்."

"செஞ்சு காட்டினா போச்சு" என்றாள் மெரின். குப்பியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் மாடியில் உறிஞ்சுகுழாய் செத்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதைத் தட்டில் வைத்தால் செல் வளர்க்கும் திரவத்தை சர்ரென்று இழுத்துவிடும். கட்டடப் பராமரிப்புக்குச் சொன்னேன். "உங்க புகார் டிக்கெட் ஓப்பன்ல இருக்கு" என்றார்கள். அடுத்த வாரமும் கேட்டேன். "இன்னும் ஓப்பன்லதான் இருக்கு" என்றார்கள், ஏதோ கடை திறந்திருக்கிறது என்று நல்ல சேதி சொல்கிற மாதிரி. குழாய் இல்லாததால் எல்லோரும் தட்டிலிருந்ததை அப்படியே குழலில் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் செல்களையும் சுரண்டிப் போட்டு, சுழலியில் சுற்றி அடியில் படியவைத்து எடுத்தார்கள். அலுப்புப் பிடித்த வேலை. மெரினும் அப்படித்தான் செய்தாள்.

படம் வந்தது. சாவி உள்ள செல்லில் பட்டை. சரி. சாவி இல்லாத செல்லில் அதைவிடக் கனமான பட்டை.

"இந்தக் கருமத்துக்கு எல்லாம் ஒண்ணுதான். எதைப் பார்த்தாலும் ஒட்டிக்குது. குடிகாரன் தோள்ல கை போடற மாதிரி" என்று படத்தை என் மேசையில் போட்டாள்.

நான் கெராட்டைக் கூப்பிட்டேன். அவன் கேள்வி அனுப்பினான். குப்பியை எந்தக் குளிரில் வைத்தோம், உருக்கி உறையவைத்தோமா, எத்தனை மடங்கு நீர்த்தோம். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். கடைசிக் கேள்வி: "வேறு ஆன்டிபாடி வாங்க விருப்பமா?" அதற்கு எழுதிய பதிலை அழித்துவிட்டு மரியாதையாக வேறு ஒன்று எழுதினேன்.

இரண்டாம் குப்பி வந்தது. அதே கனமான பட்டை.

மெரின் இப்போது திட்டுவதைக்கூட நிறுத்தியிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. காலைத் தேநீர் வேளையில் எல்லோரும் லாமிங்டன் தின்றுகொண்டு கால்பந்து பேசும்போது, அவள் சுவரோரம் நின்று கேக்கின் மேலிருந்த தேங்காய்த்துருவலை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பத்திரிகைக்காரங்க கெடு நெருங்குது, நக்லே. நீ வியாபாரி மகன்தானே. ஒரு ஒழுங்கான குப்பி வாங்கித்தர முடியலயா உன்னால?"

இது உறைத்தது. கெராட்டைக் கூப்பிட்டு, இந்தத் தடவை அப்பாவின் கடையில் கற்ற எல்லாவற்றையும் இறக்கினேன். முதலில் வருத்தப்பட்டேன். பிறகு மௌனமாக இருந்தேன். பிறகு, இந்த மாடியில் மொத்தம் ஒன்பது ஆய்வுக்குழு இருக்கிறது, மதியச் சாப்பாட்டில் எல்லோரும் ஒரே மேசை, நான் கொஞ்சம் வாயாடி என்றேன்.

"சரி, சரி. வேற பேட்ச் அனுப்பறேன். புத்தம் புதுசு" என்றான்.

மூன்றாம் குப்பி வந்த அதே வாரத்தில், யாரும் எதிர்பாராமல், பராமரிப்பு ஆட்கள் வந்து உறிஞ்சுகுழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார்கள். சர்ரென்ற அந்தச் சத்தத்தைக் கேட்டு மாடியே கைதட்டியது. மெரின் குழாயால் இழுத்து, உப்புநீரால் இரண்டு தரம் கழுவி, பழையபடி வேலை செய்தாள்.

படம் வந்தது. சாவி உள்ளதில் பட்டை. இல்லாததில் ஒன்றுமில்லை. வெள்ளைச் சுவர்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்படிச் செய்கிறவள் அல்ல. "மூணாவது குப்பிக்குத்தான் மூளை இருக்கு" என்றாள். எங்கள் தலைவர் ஃபெரென்ஸ் ஹல்மோஷ் அறையிலிருந்து வெளியே வந்து படத்தை மூக்குக்கண்ணாடி இல்லாமலே பார்த்து, "இன்னிக்கே அனுப்பிடு" என்றார்.

நான் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வென்றவன் தோற்றவனுக்கு ஒரு போன் போடாவிட்டால் அது என்ன வியாபாரம்?

"பார்த்தியா கெராட். முதல் ரெண்டும் சொத்தைன்னு நான் சொன்னேன்ல. புது பேட்ச் கண்ணாடி மாதிரி இருக்கு."

மறுமுனையில் அவன் சிரித்தான்.

"மேட், உன்கிட்ட ஒண்ணு சொல்லவா? வெளியில சொல்லாத. அது புது பேட்ச்லாம் இல்ல. அதே ட்ரேயில பக்கத்துக் குப்பி. ஸ்டாக்ல வேற எதுவுமே கிடையாது. நீ கத்தினே, லேபிளை மாத்தி ஒட்டி அனுப்பிச்சேன். மனசுல இருக்கற நோய்க்கு மனசுல ஒரு மருந்து."

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்தோடு கூடவே அப்பாவின் கடைக் கணக்கு ஒன்றும் ஓடியது. ஒரே துணி காலையில் சாயம் போய், மாலையில் போகாமல் இருந்தால் தப்பு துணியில் இல்லை. துவைக்கிற இடத்தில் இருக்கிறது.

மெரினிடம் போய்ச் சொன்னேன். கட்டுரையை அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் அவள் கை இருந்தது. ஏன்டா சொன்னோம் என்று இன்றைக்கும் சில நாள் நினைப்பதுண்டு.

"லேபிளை மாத்தினானா?" என்றாள். "அப்போ மூணும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்."

பொத்தானை அழுத்தவில்லை. பழைய இரண்டு குப்பியையும் எடுத்து, அன்று கழுவியெடுத்த அதே செல் சரக்கில் ஓட்டிப் பார்த்தாள். மூன்றிலும், சாவி இல்லாத இடத்தில் ஒரே வெள்ளைச் சுவர். குப்பிகள் மூன்றும் சத்தியம் செய்த மாதிரி ஒரே சாட்சி சொல்லின. மாறியது குப்பி இல்லை.

"வேற என்ன மாறிச்சு?" என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு நடந்தாள். என்னிடம் கேட்டாள். பனிப்பெட்டியிடம் கேட்டாள். பிறகு ஒரு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உறிஞ்சுகுழாயை வைக்கப் போனவள், பாதியில் நின்றாள். குழாய் இழுக்கிறதெல்லாம் மேசைக்கடியில் ஒரு பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் போய் விழும். அதில் பிளீச் கலந்து நுரைத்துக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அந்தக் குடுவையைப் பார்த்தாள். கலங்கலாக இருந்தது.

"நக்லே" என்றாள். "நாம இதை என்னன்னு சொல்வோம்?"

"எதை?"

"தட்டுல மேல மிதக்கறதை."

"குப்பை."

எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். புதிதாக வந்தவர்களிடம், "குப்பையை எடுத்துட்டியா? ரெண்டு தரம் கழுவினியா?" என்று கேட்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் காலை வணக்கம். முயல் ஆன்டிபாடி இருந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. வளர்க்கும் திரவத்திலிருந்த அழுக்கையெல்லாம் முயல் பிடித்துக்கொள்ளும். அதற்காகக் கழுவினார்கள். முயல் போய்ச் சேர்ந்தது, கழுவல் நின்றுபோகவில்லை.

செத்த செல் தட்டை விட்டுப் பிரிந்து மிதக்கும். இது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். முதல் வருஷப் பாடம். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் குப்பை என்று ஒரு பெயர் வைத்துவிட்டதால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாவைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்து, செத்ததையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிவிட்டு, மிச்சம் பிழைத்தவற்றைக் கூட்டி வைத்து "ஏன் யாரும் சாகலை?" என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மெரின் அடுத்த தட்டில் ஒரு சொட்டையும் விடவில்லை. குழாயைத் தொடாமல் எல்லாவற்றையும் சுரண்டிச் சுற்றி எடுத்தாள். சாவி உள்ள செல்கள் மெதுவாகத்தான் செத்தன, செத்தும் தட்டை விட மனமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தன. சாவி இல்லாதவை மருந்து பட்டதும் மளமளவென்று செத்து மிதந்தன. அவள் கட்டுரையில் எழுதியதற்கு நேர் எதிர். ஜி-11 முதல் நாளிலிருந்து சொன்னது அதைத்தான்.

ஃபெரென்ஸ் அறையில் நானும் இருந்தேன். சாட்சிக்கு இருக்கட்டும் என்று மெரின் இழுத்துப்போயிருந்தாள். அவர் புடாபெஸ்ட்டிலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. நல்ல மனிதர். ஆனால் மூளை வேகமாக ஓடுகிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு: காரணம் சட்டென்று கிடைத்துவிடும்.

"நாம எப்படிச் செஞ்சோம்னு எழுதற இடத்துல என்ன எழுதியிருக்கோம்?" என்று கேட்டார்.

"ரெண்டு தரம் கழுவினோம்னு எழுதியிருக்கோம்."

"கழுவினோமா?"

"கழுவினோம்."

"கழுவினா என்ன வருதோ அதைக் காட்டியிருக்கோம். ரெவ்யூவர் ஜி-11 வச்சுச் செய்யச் சொன்னார், செஞ்சாச்சு. இதுல பொய் எங்க இருக்கு, மெரின்?"

எனக்கு இது அந்நியமான பேச்சே இல்லை. அப்பா துணியை மடித்து வைத்தால் கிழிசல் எப்போதும் உள் மடிப்பில்தான் இருக்கும். கிழிசல் இல்லை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

மெரின் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"அப்போ தலைப்பை மாத்திடலாம், ஃபெரென்ஸ். சாவி இல்லேன்னா செல் சாகாதுன்னு இருக்கறதை, சாவி இல்லேன்னா செத்தது நம்ம கண்ணுல படாதுன்னு வச்சிடலாம்."

"கிண்டல் பண்ணாத."

"கிண்டல் இல்ல. நாளைக்கு ஒரு டாக்டர் இதைப் படிச்சிட்டு, இந்த நோயாளிக்குச் சாவி இல்ல, மருந்து வேலைக்காகாதுன்னு நிறுத்திட்டா? அவங்களுக்குத்தான் அது நல்லா வேலை செய்யும்."

ஃபெரென்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே டிராம் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அவர் முகம் சிவந்திருந்தது. அந்தக் கோபம் அவள் மேல் இல்லை என்பது தெரிந்தது. கழுவச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"டிசம்பர் டிசம்பர்தான்" என்றார் கடைசியில். "இல்லாத கட்டுரையை வச்சு ஒப்பந்தத்தை நீட்டச் சொல்லி நான் யார்கிட்டயும் கேட்க முடியாது. புரியுதா?"

"புரியுது."

"அப்போ எழுது. வாபஸ் வாங்கறோம்னு எழுது. என் பேரும் இருக்கணும்."

உள்ளே போக ஏழு மாதம் பிடித்த கட்டுரை, வெளியே வர ஒரு மதியச் சாப்பாட்டு நேரம்கூடப் பிடிக்கவில்லை. பத்திரிகை ஆசிரியர் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு மெரின் கணினியை மூடினாள்.

"யாரையாவது திட்டணும் போல இருக்கு, நக்லே. யாருமே இல்ல. அந்த ரெவ்யூவர் சொன்னது சரி. கெராட் ஏமாத்தினான், அதனாலதான் உண்மை வெளிய வந்துச்சு. கட்டடக்காரன் குழாயைச் சரி பண்ணாம இழுத்தடிச்சான், அதனாலதான் செத்தது கண்ணுல பட்டுச்சு. திட்டறதுக்குக்கூட ஒரு நாதி இல்லாத பிழைப்பு."

"என்னைத் திட்டு."

"உன்னைத் திட்டி அலுத்துப்போச்சு."

ஆனால் அவள் சும்மா உட்காரவில்லை. சாவி இல்லாத செல் ஏன் அவ்வளவு அவசரமாகச் சாகிறது? முதல் கட்டுரையைவிடப் பெரிய கேள்வி இது. டிசம்பருக்குள் பாதி பதிலாவது கிடைத்தால், அதைக் காட்டி வேறு எங்காவது இடம் கேட்கலாம். அதற்கு ஜி-11 வேண்டும். எங்கள் மூன்று குப்பிகளும், குப்பிகள் நல்லவையா என்று பார்த்துப் பார்த்தே தீர்ந்துபோயிருந்தன.

கெராட்டைக் கூப்பிட்டேன்.

"ஸ்டாக் இல்ல, மேட்" என்றான். "இருந்ததை உனக்குத்தான் மாத்தி மாத்தி அனுப்பினேன். அடுத்த பேட்ச் ஜனவரி."

"ஜனவரில எனக்கு எதுக்குடா?"

"செல்லு வளரணும்ல. நான் என்ன ஊதிப் பெருசாக்கவா முடியும்?"

எனக்கு ஒரு வழி தெரியும். நாலாம் மாடியில் யூனிஸ் டான் குழுவினர் போன மாதம் ஜி-11 வாங்கினார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் பத்து வருஷமாக ஒரே விஷயத்தில் போட்டி. லிஃப்டில் ஏறினால் இரு தரப்பும் மாடி எண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். ஒரு சொட்டு கேட்டால் தருவார்கள். ஆனால் எதற்கு என்று கேட்பார்கள். சொன்னால், சாயங்காலத்துக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிடும். மெரினிடம் இதை எடுத்துச் சொன்னேன். வேறு கதை ஏதாவது கட்டிவிடலாம், கதை கட்ட எனக்கு வரும் என்றேன்.

"வேண்டாம். நானே வரேன்" என்று பனிக்கட்டி வாளியைத் தூக்கிக்கொண்டாள்.

யூனிஸ் தன் மேசையில் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெரின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். குழாய், குப்பை, வெள்ளைச் சுவர், வாபஸ் வாங்கிய கட்டுரை. எதையும் மடிக்கவில்லை. யூனிஸின் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. பாதியிலேயே அது நின்றது. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதோ, மூணாவது அடுக்கு. முழுசா எடுத்துக்கோ" என்று ஃபிரீஸரைக் காட்டினாள்.

மெரின் குப்பியைப் பனியில் செருகிக்கொண்டு நன்றி சொன்னாள். நாங்கள் கதவை நெருங்குவதற்குள் யூனிஸ் எழுந்து உள் அறைப் பக்கம் குரல் கொடுத்தாள்.

"ஏம்ப்பா, இன்னிக்குத் தட்டை யாரும் இன்னும் கழுவலியே?"

யாரோ ஒருவன் உள்ளேயிருந்து, "இப்பத்தான் முடிச்சேன்" என்றான். பின்னால் உறிஞ்சுகுழாயின் சர்ரென்ற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.